முத்தலிபு நானாவின் உருளும் கோழிக்கூடு

ஊரான் படகென்றால் முத்தலிபு நானா போட்ட ஒட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகாது. கண்டக்குழிக் கடற்கரையில் ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் சத்தியம் செய்து சொல்வார்கள். சொந்த வீட்டு வேலை என்றால்தான் மனுசனுக்கு எங்கிருந்தோ ஒரு சோம்பல் வந்துவிடும். கக்கூஸுக்குக் கதவு போடுகிறேன் என்று தொடங்கினார். மூன்று வருடமாக அங்கே சாக்குத்தான் தொங்குகிறது. கிணற்றுக்குக் கட்டுக் கட்டினார். ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் முழங்காலளவு. கேட்டால், “அவசரம் என்ன, கிணறு எங்கயும் ஓடியா போகப் போகுது?” என்பார்.

கோழி விஷயத்தில் மட்டும் ஆள் வேறு. மகள் அஸ்மியா கல்யாணம் முடித்து மன்னாருக்குப் போன கிழமை, வீடு வெறிச்சென்று கிடந்ததைத் தாங்க மாட்டாமல் ஆறு குஞ்சு வாங்கி விட்டார். அது பெருகிப் பத்தொன்பதாகிவிட்டது. வேலை விட்டு வந்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு அவற்றின் நடுவில் குந்திக்கொண்டு அன்றைய புதினமெல்லாம் சொல்லுவார். அவர் கதையை ஊரில் கடைசிவரை கேட்ட ஜீவன்கள் அந்தப் பத்தொன்பதும்தான்.

வினை பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் இருந்தது. கோழிகள் மூன்றாவது தடவையும் பாத்தியைக் கிளறிவிட்டன. தோட்டக்காரி எமிலியா, வேரோடு கிளம்பிய வெங்காயத்தை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து, முத்தலிபுவின் மனைவி ஜெய்னம்புவின் முன்னால் கொட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது ஜெய்னம்பு பதில் சொல்லி ஆறியிருப்பாள்.

“இங்காருங்க,” என்றாள் புருசனிடம். “வெள்ளிக்கிழம பள்ளிவாசல்ல கந்தூரிச் சாப்பாடு. அதுக்குள்ள இதுகளுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி பத்தொம்பதும் கறிக் கிடாரத்துக்குத்தான். பள்ளியில சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

“அல்லாவே! எல்லாத்தையுமா?”

“சேவலையும் சேர்த்துத்தான்.”

அன்று திங்கட்கிழமை. முத்தலிபுவுக்குச் சோறு இறங்கவில்லை. முன்னொரு நாள் தொலைபேசியில் பார்த்த வெளிநாட்டுப் பண்ணை ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடித்தளம் இல்லாத கூடு; உருண்டு போகக் கீழே சில்லு. காலையில் கூட்டைத் தள்ளிப் புதுப் புல்லில் விட்டால் கோழி மேயும், எச்சம் உரமாகும், அடுத்த தோட்டத்துக்குக் கால் வைக்காது. தென்னைகளுக்கு இடையில் புல்லுக்கா பஞ்சம்?

ஆனால் படகு ஒட்டுகிறவன் கூடு கட்டினால் எப்படிக் கட்டுவான்? தென்னம்பலகை அடித்து, இடுக்கெல்லாம் அடைத்து, அதன்மேல் இரண்டு பூச்சு ஃபைபரும் பூசினார். கண்டக்குழி வரலாற்றிலேயே தண்ணீர் புகாத முதல் கோழிக்கூடு அது. கவிழ்த்துக் கடலில் விட்டால் கற்பிட்டி வரை போயிருக்கும். மணலில் ஒரு அங்குலம் அசையவில்லை. ஆறு பேர் தள்ளியும் சில்லுகள்தான் புதைந்தன. செவ்வாயும் புதனில் பாதியும் அதோடு போயின.

புதன் பின்நேரம் வெறி வந்தவர் மாதிரி எல்லாவற்றையும் பிரித்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்கினார். சட்டத்துக்குப் பிளாஸ்டிக் குழாய். சுவருக்குப் பழைய வலை. கூரைக்கு, வெள்ளைக்காரர் பட்டம் விட்டுக் கடலில் சறுக்கும் இடத்தில் கிழிந்ததென்று ஒதுக்கிய பட்டச் சீலை, சிவப்பும் மஞ்சளுமாக. வியாழன் காலையில் ஒற்றை விரலால் தள்ளினார்; கூடு உருண்டது! வாசலில் நின்று பார்த்த ஜெய்னம்பு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவளிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு இருபத்தெட்டு வருடத்தில் வந்ததில்லை.

கோழிகளை உள்ளே விட்டார். கரைவலை இழுப்பவர்கள் செய்கிற மாதிரி, கூட்டின் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார். கூரையின் முன்பக்கக் கட்டு இரண்டையும் இறுக்கினார். பின்பக்கக் கட்டு இரண்டையும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போடலாம் என்று விட்டார்.

தை மாதத்து வாடைக்காற்று தேத்தண்ணிக்குக் காத்திருக்குமா? ஒரு வீச்சு வீசியது. பட்டச் சீலை பின்பக்கத்தால் நிமிர்ந்து பொம்மென்று உப்பியது. கூடு புறப்பட்டது, கடலைப் பார்த்து. பின்னாலே முத்தலிபு, இடுப்புக் கயிற்றோடு.

“நில்லு! நில்லு!” என்று கத்தினார், யாரிடம் கத்துகிறார் என்று அவருக்கே தெரியாமல். அடித்தளம் இல்லாத கூடு அல்லவா? உள்ளே பத்தொன்பது கோழியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின. சேவல் மட்டும் குறுக்குக் குழாயில் ஏறி நின்று கூவியது. தென்னைகளுக்கு நடுவால், ஒழுங்கையால், மணல்மேட்டால் இறங்கி, கூடு நேரே கரைவலைக்காரர்களிடம் போனது. அவர்கள் அப்போதுதான் மீன் சேர்ந்த வலை மடியைக் கரையேற்றி அவிழ்த்து விரித்திருந்தார்கள். சில்லு வலைக்கயிற்றில் தடுக்கியது. கூடு குப்புற விழுந்தது. கோழிகள் பறந்து மடிக்குள் விழுந்தன. கடைசியாக முத்தலிபுவும் மடியில் கிடந்த நெத்தலிக் குவியலுக்குள் தலைகீழாக விழுந்தார்.

வலைக்குச் சொந்தக்காரரான பீற்றர் சம்மாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோழிகள் நெத்தலியைத் தின்னத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

“நானா, வழமை தெரியும்தானே? மடி கரை தொட்டா உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் வலைக்கு. கட்டையோ செருப்போ, என்னெண்டாலும் பங்குதான்.”

“தம்பி, அது கடலால வந்ததுக்கு! இது என்ட கோழி!”

“எந்தப் பக்கத்தால வந்ததெண்டு வழமையில இல்ல. மீனையும் திண்டு தீர்க்குது. ஆளுக்கொண்டு பிடியுங்கடா!”

வலையாட்கள் ஆளுக்கொரு கோழியைப் பிடித்துவிட்டார்கள். முத்தலிபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்குக் கிடாரத்திலிருந்து தப்ப வேண்டியவை இன்றைக்கே சட்டிக்குப் போகின்றனவே! எழும்பப் பார்த்தார், இடுப்புக் கயிறு வலையோடு சிக்கிக் கிடந்தது.

அப்போதுதான் ஜெய்னம்பு வந்தாள். மூச்சிரைக்க வந்தாள், செருப்பு இரண்டும் கையில் இருந்தன.

“ஆர்ட கோழியில ஆர் கை வைக்கிற?”

பீற்றர் வழமையைச் சொன்னார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் முத்தலிபு பயந்தார்.

“மடிக்குள்ள கிடக்கிறதெல்லாம் வலைக்கு. அதுதானே கதை?”

“ஓம் அக்கா. அப்பன் பாட்டன் காலத்து வழமை.”

“சரி. அப்ப இந்த மனிசனும் மடிக்குள்ளதானே கிடக்கார்? இவரையும் எடுங்க. ஒண்ட எடுத்து ஒண்ட விட ஏலாது. மூணு வேளை சோறு, ஆறு தேத்தண்ணி. சீனி கூடப் போடணும். கக்கூஸுக்குக் கதவும் போட்டுத் தருவார். சாகுறதுக்குள்ள முடிப்பாரோ தெரியா.”

பீற்றர் முத்தலிபுவைப் பார்த்தார். மீசையெல்லாம் நெத்தலி.

“இவர வச்சு நாங்க என்ன செய்யிற அக்கா?”

“அத நீங்க பங்கு போட்டுப் பாருங்க. எடுத்தா எல்லாத்தையும் எடுங்க. இல்லாட்டி எல்லாத்தையும் தாங்க.”

முத்தலிபுவைப் பங்காக வாங்க வலையாட்களில் ஒருவர் கூட முன்வரவில்லை. கோழிகள் ஒவ்வொன்றாகக் கைமாறி வந்தன. ஜெய்னம்பு எண்ணவில்லை, பெயர் சொல்லிச் சொல்லி வாங்கினாள். “செம்பி, வெள்ளச்சி, நொண்டி, ஜமீலா...” கோழிகளுக்குப் பெயர் இருப்பதே முத்தலிபுவுக்கு அன்றுதான் தெரியும்.

கூட்டைக் கரையிலேயே விட்டுவிட்டு, கோழிகளை வலைத்துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இருவரும் மணல்மேட்டில் ஏறினார்கள். பாதிவழியில் அவள் சொன்னாள்: “கந்தூரிக்கு அரிசி குடுப்பம். நீங்க கூட்டுக் கூரைக்குத் தென்னங்கிடுகு போடுங்க. நாலு பக்கமும் நான் கட்டுறேன், நீங்க கட்டாதீங்க.”

முத்தலிபுவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனாலும் ஒன்று நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

“புள்ள, அவன் ஓம் எண்டு சொல்லி என்ன எடுத்திருந்தா?”

ஜெய்னம்பு தன் சுமையைத் தோள் மாற்றிக்கொண்டாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “பத்தொம்பதையும் அவனுக்கே விட்டுட்டு, உங்கள மட்டும் இழுத்துட்டு வந்திருப்பேன்.”

முத்தலிபு நடுவழியில் நின்றுவிட்டார்.

“என்ன? கோழியள விட்டுட்டா?”