ஜன்னலுக்கு வெளியே யோகராசா

யோகராசாவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கரடியனாற்று வயல்வட்டையில் இளந்தாரியாய் இருந்த காலத்தில், வயலுக்குள் இறங்கும் யானையைக் கத்தியே கலைத்தவர் என்று பேர் எடுத்த மனுசன். ஆரையம்பதியில் தனுஷாவைக் கலியாணம் கட்டி வந்தபோது, யானையே இல்லாத ஊருக்கு அந்தக் குரலையும் கொண்டுவந்துவிட்டார். வாவியில் தோணியில் நின்று அவர் சாதாரணமாகக் கதைத்தாலே கரையில் தூங்கும் பிள்ளைகள் எழும்பி அழும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஆனால் வேடிக்கை என்னவென்றால், மனைவியின் பேரில் உள்ள கூரைக்குக் கீழே படுத்தெழும்பும் ஆம்பிளைகள்தான் எந்தக் கூட்டத்திலும் முதலில் வாய் திறப்பார்கள். எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தைக்கூட விடுவதில்லை. மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவார்கள். இறக்கிவிட்டுப் போனால் என்ன? போகமாட்டார்கள். ஊர்ப் பொது மண்டபத்து ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒருவர் தொங்கிக்கொண்டு, உள்ளே நாங்கள் கதைப்பதற்கெல்லாம் திருத்தம் சொல்வார்கள். நான் சங்கத்தின் செயலாளர். அந்த ஜன்னல்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யோகராசாவோடு மட்டும் நெடுநேரம் கோபமாய் இருக்க ஏலாது. சங்கத்துக்கு அவர் செய்யாத வேலை இல்லை. கதிரை அடுக்குவார், இறால் காயப்போடக் கம்பு நட்டுத் தருவார். "மாதர் சங்கத்து மருமகன்" என்று துறையடியில் யாரும் பகிடி பண்ணினால், "ஓம், சீதனத்தோட சேர்த்துச் சங்கத்தையும் தந்திட்டாங்க" என்று சிரிப்பார்.

போன வருசம் வாவிக்கரையில் பூட்டிக் கிடந்த பழைய அரசாங்கக் கட்டடத்தை எங்களுக்குத் தரும்படி பிரதேச செயலகத்தில் கேட்டோம். அதுவரை அவரவர் முற்றத்தில் இறாலைக் காயவைத்து, காகத்தோடும் நாயோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். மாரி வந்தால் பாதி குப்பைக்குத்தான் போகும். மழைக்கு முன் ஒரு கூரை வேண்டும். மீனவர் சங்கமும் வலை வைக்கவென்று அதே கட்டடத்தைக் கேட்டது. அவர்கள் கூடுகிற இடத்தில் வலை வேலையைவிடச் சீட்டுக் கடதாசி விளையாட்டுத்தான் கூட நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். அவர்களுக்குத் தலைவர் ரதீஸ், எங்களுக்குத் தலைவி தனுஷா.

யாருக்குக் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்ய வேண்டியவர் செயலகத்திலிருந்து வரும் கம்சாயினி மிஸ். இரண்டு சங்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்க அவர் எங்கள் மண்டபத்துக்கு வந்த அன்று தனுஷா பேச எழும்பினாள். அதுவரை மைக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள். தேங்காய் துருவும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். இரண்டு வசனம் சொன்னாள். தொண்டை அடைத்துக்கொண்டது. நான் தண்ணிப் போத்தலை எடுக்கிறேன், அதற்குள் ஜன்னலுக்கு வெளியேயிருந்து அந்த யானைக் குரல் கிளம்பிவிட்டது.

நன்றாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு ஆத்திரம். எல்லோரும் கைதட்டினார்கள். தனுஷா உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் நல்லாக் கதைச்சீங்க," என்றார் மிஸ். "ஆனா கட்டடத்த நடத்தப்போறது இவங்கதானே? அவங்கட வாயால கேக்காம நான் என்னெண்டு சிபாரிசு செய்யிற? அடுத்த கிழமை திரும்பவும் வாறன். அங்கத்தவர் எல்லாரும் வரணும்."

"புருசன்மார் சங்கம் எண்டு பேர மாத்துங்க!" என்றான் ரதீஸ். மண்டபமே சிரித்தது.

மூன்று பேருமாக வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் யோகராசா மெல்லச் சொன்னார். மெல்ல என்றால் அவருடைய மெல்ல. "உனக்காகத்தானே கதைச்சன்?"

"எனக்காகக் கதைக்கத்தான் நான் இருக்கனே," என்றாள் தனுஷா. "ஒரு மூச்சு எடுத்திட்டுத் தொடங்கியிருப்பன். அந்த மூச்சுக்குள்ள நீங்க பூந்திட்டீங்க."

அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. மறுநாள் என் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றார்.

"சீதேவி அக்கா, நான் இப்ப என்ன செய்யிற?"

"வாய மூடிக்கிட்டுப் பிள்ளைகளப் பாருங்க," என்றேன் எரிச்சலில். "எங்கட பொம்பிளைகள் பாதிப்பேர் கூட்டத்துக்கு வராதது பிள்ளைகளப் பாக்க ஆளில்லாததாலதான்."

மனுசன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வீடுவீடாகப் போய் ஜன்னல்காரர் அத்தனை பேரையும் இழுத்து வந்தார். அடுத்த கிழமை மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம், அடுப்பு, வடைத் தாச்சி, ஊர்ப்பட்ட பிள்ளைகள். மூக்குச் சிந்திவிடத் தெரியாத தகப்பன்மாரெல்லாம் அன்று பழகினார்கள். உள்ளே மண்டபம் நிறைந்திருந்தது. ரதீஸின் மனைவிகூடப் பிள்ளையை யோகராசாவிடம் கொடுத்துவிட்டு வந்து எங்கள் பக்கம் இருந்தாள்.

தனுஷா எழும்பினாள். அதே இரண்டு வசனம். அதே இடத்தில் தொண்டை அடைத்தது.

நான் ஜன்னலோரம் இருந்தேன். வெளியே பார்த்தேன். யோகராசா அகப்பையோடு நிமிர்ந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. போச்சு, கட்டடம் போச்சு என்று நினைத்தேன். மனுசன் தாச்சியிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையைத் தூக்கி முழுசாக வாய்க்குள் போட்டார். கண்ணால் தண்ணி ஓடுகிறது, ஒற்றைக் காலில் துள்ளுகிறார், சத்தம் மட்டும் வரவில்லை.

தனுஷாவும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிக்கணும் மிஸ்," என்றாள். "என்ட மனுசன் கத்துவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். கத்துற பாடா இல்ல. அப்ப நானே சொல்றன்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்போடு அவளுக்குத் தொண்டை திறந்துவிட்டது. காகம், நாய், மாரி, கொட்டிய இறால், ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் ரதீஸின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, வலை நனைஞ்சாக் காயவைக்கலாம். எங்கட இறால் நனைஞ்சா நாறிப்போகும்."

ரதீஸ் வாயெடுக்க முன் அவன் மனைவி எழும்பினாள். "வலை வைக்க இடமில்லையெண்டா என்ட விறாந்தையில கொண்டந்து வைங்க. வீடு என்டதானே."

அதற்குப் பிறகு ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக எழும்பினார்கள். வாய் திறந்தே நாங்கள் கண்டிராதவர்களெல்லாம் கதைத்தார்கள். எனக்கு அன்று வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மிஸ் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். "சிபாரிசு உங்களுக்குத்தான்," என்றார். ரதீஸும் கைதட்டினான், வேறு என்ன செய்ய?

தனுஷா நேரே அடுப்படிக்குப் போனாள். யோகராசா ரதீஸின் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"நான் கதைச்சு முடிஞ்சு," என்றாள். "இனி நீங்க கதைங்க."

அவர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. வாய் வெந்துபோனதால் அல்ல என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.