கல்வெட்டில் விடுபட்ட பன்னிரண்டு வருடம்

சென்ற மாசி மாதம், சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவர் காலமாகிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டை, அதாவது அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் சின்னப் புத்தகத்தை, அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு வாத்தியார் எழுதிக்கொண்டு வந்து விறாந்தையில் இருந்து வாசித்தார். என் கடைசி மகன் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கதவு நிலையோடு நின்றேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேருக்கு முன்னால் கதைத்துப் பழக்கமில்லை.

பிறந்தது, படித்தது, என்னைக் கட்டியது, பிள்ளைகள் என்று எல்லாம் அழகாக வந்தது. நடுவில் ஒரு வரி: "சிலகாலம் அரச உத்தியோகம் பார்த்து, பின் தோட்டம் செய்தார்." அவ்வளவுதான்.

அந்தச் சிலகாலம் பன்னிரண்டு வருடம். அவர் நேவியில் இருந்தார். சண்டை தொடங்குவதற்கு மிகவும் முந்திய காலம். லீவில் வெள்ளை உடுப்போடு பஸ்ஸால் இறங்கினால் ஒழுங்கை முழுக்க வீட்டுக்கு வீடு எட்டிப் பார்க்கும். விலகி வந்து தோட்டம் செய்தபோதும் ஊருக்கு அவர் "நேவியர்" தான். பிறகு சண்டை வந்தது. கடலில் படகுகளைச் சுடுகிற நேவி என்றாலே சனம் நடுங்கியது. அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. சுவரில் இருந்த வெள்ளை உடுப்புப் படத்தைக் கழற்றி றங்குப்பெட்டிக்குள் வைத்தது நான்தான்.  ஆனால் அவருடைய பழக்கம் போகவில்லை. விடிய எழும்பிப் போர்வையை மூலைக்கு மூலை வைத்து மடிப்பார். பேரப்பிள்ளைகளைத் தாலாட்டும் ஏணைக் கயிற்றை வேறு யார் கட்டினாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்.

வாசித்து முடிந்ததும் மகன் சொன்னான்: "உப்பிடியே இருக்கட்டும். நேவி எண்டு போட்டால் சனம் வேறை மாதிரிக் கதைக்கும்." வாத்தியாரும் தலையாட்டினார்.

 நான் கதவு நிலையை விட்டு வெளியே வந்தேன்.

"தம்பி, கடல் கடந்த அண்டைக்கு உன்ரை முதுகிலை கானைக் கட்டினது ஆர்?"

அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இடம்பெயர்ந்து போகும் வழியில் காற்று எழும்பிப் படகுக்குள் தண்ணீர் ஏறியது. எல்லோரும் பயத்தில் ஒரு பக்கமாக எழும்பினார்கள். வீட்டில் சத்தம் போட்டு அறியாத மனுசன், "ஆரும் எழும்பப்படாது! குந்துங்கோ!" என்று கத்தினார். என் சேலையைக் கிழித்து, விழுந்தாலும் மிதக்கட்டும் என்று வெறும் பிளாஸ்ரிக் கான்களைப் பிள்ளைகளின் முதுகில் கட்டினார். எங்கள் பிள்ளை, பிறத்தியார் பிள்ளை என்று பார்க்கவில்லை. பிறகு கரை வரும்வரை பானையால் தண்ணீர் இறைத்தார். அதுவரை அசையாத அந்த முடிச்சுகள் கரையில் ஒரு இழுவையில் அவிழ்ந்தன.

"அப்பாதான்" என்றான் மகன்.

"தோட்டக்காரனே கட்டினது? நேவிக்காரனடா!"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பது வருசமாப் பக்கத்து வீடு. இண்டைக்குத்தான் அக்கான்ரை குரலைக் கேக்கிறன்."

அந்த வரியை வெட்டிவிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதினார். "கடற்படை" என்று போடப் பார்த்தார். நான் விடவில்லை. ஊர் கூப்பிட்டது நேவியர் என்றுதான். படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், அட்டையில் வந்தது.

முப்பத்தோராம் நாள், கடல் கடந்தபோது எங்களோடு படகில் வந்த ஒருவர் கல்வெட்டைக் கையில் வாங்கினார். அட்டையைப் பார்த்ததும், "எங்கடை நேவியர்!" என்று சபை கேட்கச் சொன்னார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் கேட்டது. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. யாரும் ஒரு சொல் பிழையாகக் கதைக்கவில்லை.

படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நான் கதவு நிலையோடேயே நின்றுவிட்டிருந்தால், அவரை இன்னொரு தரம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.