பூட்டைப் பார்க்கிறவர்

சாவிக்காரருக்கு யார் முகமும் சட்டென்று நினைவுக்கு வராது. பூட்டைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவார். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைப் படியோரம் இருபத்திரண்டு வருடமாக அரத்தால் சாவி ராவிக் கொடுக்கிறவர். கண் தானாகவே ஜிப்புக்கும் கொக்கிக்கும்தான் போகும். கல்யாணத்தன்றுகூட ‘என் முகத்தைப் பார்க்கும் முன்பே என் பெட்டியின் பூட்டைத்தான் பார்த்தார்’ என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அவள் நர்ஸ். வெளிநாட்டு நகரம் ஒன்றின் மருத்துவமனையில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். “நீங்க முழு மனசா சரின்னு சொன்னாத்தான் போவேன்” என்று சொல்லிவிட்டாள்.

சரி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காரணம் ஒரு புத்தகம். அந்த நகரத்தைத் தெரிந்துகொள்வோமே என்று பழைய புத்தகக் கடையில் வாங்கிய பயணக் கட்டுரை. எழுதியவர் அங்கே இருந்தது நான்கே நாள். நாற்பதாம் பக்கத்தில், ரயில் நிலைய வாசலில், தலையில் சிவப்புத் துணி கட்டிய ரொட்டிக்காரி ஒருத்தி வருகிறாள். ‘அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டிகளைக் கண்ணாலேயே எண்ணினாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.’ அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் அருங்காட்சியகம் வந்துவிட்டது. சாவிக்காரருக்கு மட்டும் அவள் அந்த வாசலை விட்டு நகரவே இல்லை.

“அந்த வாசல் வழியா மட்டும் போகாத.”

“இன்னும் டிக்கெட்டே எடுக்கல. அதுக்குள்ள வாசலா?”

“எடுத்தா?”

“பின்பக்கமா சுவரேறிக் குதிக்கிறேன், போதுமா?”

வியாழன் காலை ஜெராக்ஸ் கடைக்காரி போனும் கையுமாகப் படியிறங்கி வந்தாள்.

“அண்ணே, உங்க புகழ் கடல் தாண்டிருச்சு! யாரோ வெளிநாட்டுக்காரி நம்ம ஊரப் பாத்துட்டுப் போய் எழுதியிருக்கா. போன்லயே தமிழாக்கிட்டேன். கேளுங்க.”

படித்தாள். ‘பேருந்து நிலையத்துக்கு எதிரே, கையில் அரத்தோடு ஒரு மனிதன். என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. பையையே வெறித்தான். திடீரென்று கத்தியபடி எழுந்து வந்தான். ஓடித் தப்பித்தேன். இருட்டிய பிறகு இந்தத் தெருவைத் தவிர்க்கவும்.’

“இருட்டினப்புறம் நான் இங்க எங்க இருக்கேன்? ஆறு மணிக்கே மூட்டை கட்டிருவேனே!”

“அதுவாண்ணே இப்ப முக்கியம்? கத்துனீங்களா?”

கத்தினார். நன்றாக நினைவிருந்தது. பச்சைப் பை. சின்னப் பூட்டு வாயைப் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பத்தடி போனால் விழுந்திருக்கும். “அம்மா, பூட்டு, பூட்டு” என்றுதான் கத்தினார். அரத்தைக் கீழே வைக்க மறந்திருக்கலாம். அவள் ஓடியதும், பஸ்ஸுக்கு நேரமாச்சு போல என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரண்டு சாவிகளைக் கெடுத்தார். அவள் எழுதியதில் எதைப் பொய் என்பது? அரம் உண்மை. வெறித்தது உண்மை. கத்தியதும் உண்மை. அப்படியானால் ரொட்டிக்காரி எதைப் பார்த்தாள்? எத்தனை பேர், எத்தனை ரொட்டி போகும் என்று கணக்குப் போட்டாளோ? இல்லை, நிஜமாகவே திருடியோ? தான் திருடன் இல்லை என்பதால் அவளும் இல்லை என்று ஆகிவிடுமா?

சாயங்காலம் எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்பித்தார். யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் சிரித்த சிரிப்பில் காலரை இன்னொரு தரம் தேய்க்க வேண்டியதாயிற்று.

“மூஞ்சியப் பாத்துப் பேசுங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன்! இப்ப ஊர் உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு.” பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “சரி, நான் போகவா, வேண்டாமா?”

“எனக்கு ஒண்ணுமே புரியல.”

“புரியாமயே சொல்லுங்க.”

“போ.”

“முழு மனசாவா?”

“முக்கால்.”

“அது போதும்” என்று அப்போதே பதிலை அனுப்பிவிட்டாள்.

அவர் அவளுடைய பெட்டியை இறக்கி, தன்னிடமிருந்ததில் நல்ல பூட்டாகப் பார்த்து மாட்டினார். இரண்டு சாவி. ஒன்றைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார்.

“பெட்டி அங்க. உங்களுக்கு எதுக்குச் சாவி?”

“தெரியல. இருக்கட்டும்.” பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, “அந்த ரொட்டிக்காரி உன் பையப் பாத்தான்னா, நீயும் குனிஞ்சு பாத்துக்க. ஜிப் தெறந்திருக்கும்” என்றார்.

“மூடியிருந்தா?”

அவர் பூட்டைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். பூட்டு நன்றாகத்தான் இருந்தது.