சாமிகளைப் பிடித்துக்கொண்டிருந்தவன்

ஆஸ்பத்திரியில் என் சின்னண்ணனுக்கு 'லாக்கர்' என்று பெயர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பது அவன் வேலை. அந்த இயந்திரம் முழுக்கக் காந்தம் என்பதால், உள்ளே போகிறவர்கள் மேல் துளி உலோகம் இருக்கக் கூடாது. வாட்ச், சாவியெல்லாம் பேசாமல் தட்டில் போட்டுவிடுவார்கள். சிலுவை, தாயத்து, சாமி டாலர் என்று வரும்போதுதான் தகராறு. செத்தாலும் கழற்ற மாட்டேன் என்று நிற்பார்கள். "தட்டுல வைக்க வேண்டாம், என் கையில குடுங்க. நீங்க வெளிய வர்ற வரைக்கும் கீழ வைக்க மாட்டேன்" என்பான். சொன்னபடி இடது கையில் மூடி வைத்துக்கொண்டு, வலது கையாலேயே எல்லா வேலையும் பார்ப்பான்.

அவனுக்கென்று கழுத்தில் ஒன்றும் கிடையாது. மனைவி விட்டுப் போன பிறகு புத்தரைப் பிடித்துக்கொண்டான். சலவைக் கடை மாடியில் தியானம் சொல்லித் தருகிறார்கள் என்று போக ஆரம்பித்தவன், கறியை விட்டான், கோபத்தை விட்டான், எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதையும் பாதி விட்டான். அடுத்தவர்கள் சாமியைக் கையில் வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்று ஒரு தடவை கேட்டேன்.

"மூச்சை இழுக்கும்போது அவங்க பயத்த வாங்கிக்கறேன். விடும்போது எங்கிட்ட இருக்கற அமைதியக் குடுக்கறேன்."

"உங்கிட்ட என்ன அமைதி கொட்டிக் கிடக்குதாக்கும்?"

சிரித்தான். "சிலுவையோ தாயத்தோ, நெஞ்சிலேருந்து கழட்டிக் குடுக்கும்போது எல்லாம் ஒரே சூடாத்தான் இருக்கு. எனக்கு அது போதும்."

பெரியண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவர் கண்ணாடி வெட்டுகிறவர். பேச்சும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அம்மா போன அன்று அவர் தலையில் அடித்துக்கொண்டு அழ, சின்னண்ணன் கண்ணை மூடி ஓரமாக உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து வந்து, "வந்தது போகத்தானேண்ணா செய்யும்" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அதைச் சொல்கிற நேரமா அது? "பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்லு எனக்குத் தம்பியில்ல" என்று பெரியண்ணன் உறவை முறித்துக்கொண்டார். வருஷக்கணக்கில் நான்தான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி.

பிறகு பெரியண்ணன் வெட்டும் கண்ணாடியில் கோடு விலக ஆரம்பித்தது. கை சொன்னபடி கேட்கவில்லை. டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சின்னண்ணன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே அழைத்துக்கொண்டு போனேன்.

சின்னண்ணன் எங்களை நிமிர்ந்து பார்க்காமல், "உடம்புக்குள்ள கம்பி, பிளேட் ஏதாவது வச்சிருக்கா?" என்று எல்லோரிடமும் கேட்பதுபோல் கேட்டான்.

"இல்லன்னு சொல்லு" என்றார் பெரியண்ணன் என்னிடம்.

வெள்ளிப் பூண் போட்ட உருத்திராட்சத்தையும் என்னிடம்தான் கழற்றிக் கொடுத்தார். உள்ளே போன கொஞ்ச நேரத்தில், பயம் வந்தால் அழுத்தச் சொல்லிக் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார். வெளியே இழுத்தபோது வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தார். என்னைப் பார்த்து, "அத அவங்கிட்டயே குடுத்துடு" என்றார்.

இரண்டாம் தடவை அசையாமல் படுத்திருந்தார். "அண்ணா, என் கையிலதான் இருக்கு" என்று சின்னண்ணன் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தான். திரையில் படம் வந்தது. எனக்கு அந்தப் படம் புரியாது, அவன் முகம் புரியும். மூச்சை இழுத்தவன் விடவே இல்லை.

மூளையில் கட்டி, கத்தி வைக்க முடியாத இடத்தில். அதே ஆஸ்பத்திரியின் மேல் மாடியில் சேர்த்தோம். வேலை முடிந்ததும் சின்னண்ணன் மேலே வந்து முதுகு துடைத்துவிடுவான், கஞ்சி ஊட்டுவான். பழைய சண்டையைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. ஒருநாள் பெரியண்ணன் சொன்னார்: "டேய், நான் போறப்ப பக்கத்துல இரு. உன் மந்திரமெல்லாம் வேண்டாம், எஞ்சாமிய நான் பாத்துக்கறேன். சும்மா கையப் புடிச்சுக்கிட்டு இரு."

"இருக்கேண்ணா" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியண்ணனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. "தம்பியக் கூப்பிடுங்க" என்றார் நர்ஸ். விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினேன். அன்றைக்கு ஸ்கேன் அறையில் அவன் தனியாள். இயந்திரத்துக்குள் ஓர் இளம்பெண்; பயத்தில் இரண்டு தடவை பந்தை அழுத்தி வெளியே வந்துவிட்டவள். ஊசி மருந்து ஏற்றி, சமாதானம் சொல்லி, எப்படியோ மறுபடி படுக்க வைத்திருந்தான். மூடிய இடது கையின் விரலிடுக்கில் அவளுடைய சிலுவைச் சங்கிலி தொங்கியது.

"பெரியண்ணனுக்கு இழுக்குது. வா."

பாதி எழுந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன, விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

"நீ போ. அவர் கையப் புடிச்சுக்கோ. முடிச்சுட்டு வந்துடறேன்."

"நீ மனுஷந்தானா?"

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். மைக் பொத்தானை அழுத்தி, "இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா. நான் இங்கயேதான் இருக்கேன்" என்றான், குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில். பொத்தானிலிருந்து விரலை எடுத்தான், கேவி அழுதான். மறுபடி அழுத்தினான். "நல்லாப் படுத்திருக்கம்மா." குரலில் பிசிறே இல்லை. விரலை எடுத்தான், உடம்பே குலுங்கியது. நின்று பார்க்க எனக்கு நேரமில்லை.

மேலே ஓடிப் போய்ப் பெரியண்ணன் கையைப் பிடித்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"வந்துட்டியாடா?"

"ம்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் என் குரல் என்று தெரிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார்.

சின்னண்ணன் வந்து நின்றபோது திட்டித் தீர்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. "கேட்டாரா என்னை?" என்றான்.

"நீ வந்துட்டன்னு நெனச்சுக்கிட்டுதான் போனார்."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பக்கத்து வார்டுக்குக் கேட்கும்படி அழுதான். நான் திட்டவில்லை, தேற்றவும் இல்லை.

அவன் வந்திருக்க வேண்டும். என் வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தது நானாக இருந்தால், இவன் எழுந்து போய்விடக் கூடாதே என்றுதான் வேண்டியிருப்பேன். அது தெரிந்தும் ஆறவில்லை.