தட்டிக்கு இந்தப் பக்கம் சதுரம்

வாரம் தவறாமல் எழுதும் இந்தப் பத்தியில் இந்தக் கிழமை நான் கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிழமை என் தோல்விகளை வாசித்து நீங்கள் சிரித்திருப்பீர்கள்... ஒரு கிழமை என் வெற்றியையும் வாசித்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு, படிப்பைச் சோதித்துப் பார்க்கும் கல்வி அதிகாரியான வித்தியாதரிசி வந்தார்.

வல்வெட்டித்துறையில் கடற்காற்று நேரே வகுப்புக்குள் வரும் பள்ளிக்கூடம் எங்களுடையது. நீளமான ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே தென்னோலை பின்னிய ஒரு கிடுகுத் தட்டி — அவ்வளவுதான் சுவர். நான் படிப்பிப்பது மூன்றாம் வகுப்பு. தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. அதைப் படிப்பிப்பவர் பெரிய வாத்தியார், அதாவது எங்கள் தலைமையாசிரியர். என் வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் அவருக்குக் கேட்கும். அவர் கனைத்தால் என் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நல்ல மனிதர். ஆனால் 'அடியாத மாடு படியாது' என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அங்கே படிப்பு நடக்கவில்லை என்பது அவருடைய முடிந்த முடிபு.

என் வகுப்பிலோ ஒரு மாதமாகச் சிரிப்புச் சத்தம்தான்!

காரணத்தைச் சொல்கிறேன். உருவங்கள் படிப்பிக்கத் தொடங்கினேன். சதுரம் என்றால் என்ன? "நாலு பக்கமும் சமன், நாலு மூலையும் சமன்" என்று பிள்ளைகள் தேவாரம் மாதிரி ஒப்புவித்தார்கள். எனக்குப் பரம திருப்தி. மட்டையில் வெட்டிய ஒரு சதுரத்தைத் தூக்கிக் காட்டினேன். "சதுரம்!" என்றார்கள். அதே மட்டையைக் கொஞ்சம் திருப்பி, ஒரு மூலை கீழே வரும்படி பிடித்தேன்.

"பட்டம்!" என்றார்கள்.

நேரே பிடித்தேன். சதுரம். திருப்பினேன். பட்டம். இப்படியே நானும் மட்டையுமாகப் பத்துத் தரம் ஆடியிருப்போம். பிள்ளைகளைக் குறைசொல்ல முடியுமா? தைப்பொங்கல் வந்தால் இந்த ஊர் வானத்தில் இடமே இருக்காது. மூலையில் நிற்கிற எதுவும் அவர்களுக்குப் பட்டம்தான். நூலும் வாலும் இல்லாதது மட்டும்தான் குறை.

கண்ணால் பார்ப்பதுதானே இந்தக் குழப்பத்துக்குக் காரணம்? அப்படியென்றால் காட்டவே கூடாது!

அடுத்த நாள் ஒரு ஓலைப் பெட்டிக்குள் மட்டையைப் போட்டு மூடினேன். உள்ளே இருப்பது என்ன உருவம் என்று கண்டுபிடிக்க வேண்டும். என்னைக் கேள்வி கேட்கலாம். நான் 'ஓம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்வேன். பெட்டிக்குள் இருக்கிற உருவத்துக்கு நேர் ஏது, சரிவு ஏது? பக்கத்தையும் மூலையையும் பற்றித்தானே கேட்க வேண்டும்?

கேட்டார்களா? முதல் நாள் வந்த முதல் கேள்வி: "டீச்சர், அதைத் தின்னலாமோ?"

இரண்டாம் கேள்வி, அது கடலில் மிதக்குமோ என்பது. தலையில் கை வைத்தேன். ஆனால் ஒரு கிழமைக்குள் பாருங்கள்... மூலை இருக்கோ? எத்தனை பக்கம் என்று கேட்க ஏலாதென்றால், மூன்றுக்குக் கூடவோ? மூலை எல்லாம் கொப்பி மூலையோ? — கொப்பியின், அதாவது எழுதும் நோட்டின், மூலை மாதிரி நேராக நிற்கிறதா என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். விடை கிடைத்ததும் ஒரு ஆரவாரம் எழும்பும், தட்டியே ஆடும்.

தட்டி ஆடினால் பெரிய வாத்தியார் சும்மா இருப்பாரா? தன்னுடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிறார்கள் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் தட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை வித்தியாதரிசி வாறார். அவருக்கு முன்னாலை உங்கடை பிள்ளையள் உருவங்களைச் சரியாச் சொல்லவேணும். சொல்லாட்டி உந்தப் பெட்டி விளையாட்டு அண்டையோடை முடிஞ்சுது."

"சொல்லுவினம் சேர்," என்றேன். வாயைக் கொடுத்தால் பிறகு எடுக்க முடியுமா? அந்த விளையாட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரவே அழுத பிள்ளைகள், அந்தப் பாடத்துக்காக ஓடிவருகிற பிள்ளைகளாய் மாறியதை என் கண்ணால் கண்டவள் நான்.

வெள்ளிக்கிழமை வந்தது. வித்தியாதரிசியும் வந்தார். வெள்ளை லோங்ஸ் காற்சட்டை, மெல்லிய கண்ணாடி, அளந்த பேச்சு. கதிரையில் உட்காராமல் நேரே கரும்பலகைக்குப் போனார். வெண்கட்டியை எடுத்து ஒரு சதுரம் கீறினார்.

எப்படிக் கீறினார் தெரியுமா? ஒரு மூலையில் நிற்கிற சதுரம்!

இத்தனை நாள் பெட்டிக்குள் ஒளித்து வைத்த உருவம் இப்போது எல்லார் கண்ணுக்கும் முன்னால், பட்டம் மாதிரியே நிற்கிறது. ஒரு பிள்ளை வாய் தவறி 'பட்டம்' என்றால் போதும். பெரிய வாத்தியார் பிரம்போடு தட்டி ஓரத்தில் நின்றார்.

"இது என்ன?" என்றார் வித்தியாதரிசி.

தவமணி கை உயர்த்தினாள். மீன்பிடி வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளை, முன் வாங்கில் இருப்பவள், எதற்கும் பயப்படாதவள். எழுந்து நின்றாள். விடை சொல்லவில்லை... கேள்வி கேட்டாள்!

"சேர், நாலு பக்கமும் ஒரே நீளமோ?"

பெரிய வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. வித்தியாதரிசியைக் கேள்வி கேட்பதா? வித்தியாதரிசியோ, தான் கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று மெதுவாக விளக்கினார். தவமணி விடுவாளா?

"ஓமோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ சேர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவரே, "ஓம்," என்றார். பின் வாங்கிலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. நாலும் கொப்பி மூலையோ? அவர் கீறினதைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதற்கும் ஓம் என்றார்.

"அப்ப சதுரம் சேர்," என்றாள் தவமணி. "சரிஞ்சு நிக்குது, அவ்வளவுதான்."

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பானேன்? பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

வித்தியாதரிசி வாய்விட்டுச் சிரித்தார். எப்படிப் படிப்பித்தேன் என்று விசாரித்தார். ஓலைப் பெட்டியைக் காட்டினேன். உடனே அவருக்கும் ஆசை வந்துவிட்டது! என் மேசையில் இருந்த மட்டைகளில் ஒன்றை எடுத்து, ஒருவருக்கும் காட்டாமல் பெட்டிக்குள் போட்டார்.

மூலை இருக்கோ? ஓம். மூன்றுக்குக் கூடவோ? இல்லை. அப்ப மூன்றோ? இல்லை.

பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். மூலை இருக்கிறது, ஆனால் மூன்றும் இல்லை, கூடவும் இல்லை... அப்படியும் ஒரு உருவமா? அவர் எடுத்தது நான் முந்தின நாள்தான் வெட்டி வைத்த மட்டை. இன்னும் படிப்பிக்கவே இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. கணக்குச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது.

"மூலை ரெண்டோ?" என்று ஒரு கனத்த குரல் கேட்டது.

பெரிய வாத்தியார்!

தவமணி திரும்பிப் பார்த்தாள். "சேர், கையை உயர்த்திப்போட்டுத்தான் கேக்கவேணும்," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

பெரிய வாத்தியார் வித்தியாதரிசியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு வலக்கைப் பிரம்பை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு... கையை உயர்த்தினார்.

"மூலை ரெண்டோ?"

"ஓம்," என்றார் வித்தியாதரிசி.

"அரைவட்டம்!" என்று பெரிய வாத்தியார் சொன்னபோது, என் பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் சிரித்ததை அன்றுதான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னிடம் வந்தார். பெட்டி விளையாட்டு நடக்கட்டும் என்றார். இதைப் பத்திரிகையில் எழுதப்போகிறேனா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அப்ப கடைசி விடையைக் கண்டுபிடிச்சது ஆர் எண்டதையும் எழுதுங்கோ டீச்சர்."

எழுதிவிட்டேன், சேர்.