பலாப்பழக்காரர் கழற்றிக் கொடுத்த நட்டு

போன புதன்கிழமை நடுமலையில் குனிந்து நின்று ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். விரல் நுனியில் அடங்கிவிடும் சின்ன நட்டு... அது இல்லாமல் எங்களால் நகர முடியவில்லை.

என் மனைவி எஸ்தர் கிராம சுகாதார செவிலியர் என்பது உங்களுக்குத் தெரியும். புதன்கிழமை தடுப்பூசி நாள். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும்; கல்வராயன் மலை வளைவுகளில் ஓட்டத் துணிச்சல் இல்லை. அதனால் புதன்தோறும் நான்தான் டிரைவர். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே பைக் உறும ஆரம்பித்தது. சைலன்சரை இன்ஜினோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள் லூசாகிவிட்டன என்று புரிந்தது. புரிந்து என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமைதான் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியிருந்தேன். மூன்று மாதமாக இதே கதை. நான் முறுக்குவேன், அது கழலும்.

"இன்னாங்க இது, ஊரையே கூட்டிக்கினு போறீங்க?" என்றாள் பின்னாலிருந்து.

"மேல போய்ப் பாத்துக்கலாம்" என்றேன். கணவன்மார்கள் எல்லோரும் சொல்லும் பதில்தானே!

நாலாவது வளைவில் படபடவென்று வெடி. இறங்கிப் பார்த்தால் ஒரு நட்டைக் காணோம். இன்னொன்று கடைசி மரையில் தொங்குகிறது. இதற்கு மேல் ஓட்டினால் சைலன்சர் ரோட்டில்தான் கிடக்கும். ஸ்பேனர்? வீட்டு ஜன்னலில். ஞாயிறன்று முறுக்கிய கையோடு அங்கேயே வைத்துவிட்டேன்.

எஸ்தர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தடுப்பூசிப் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"போன வாரமே மழையில போவல. இன்னிக்கும் போவலன்னா, அப்பறம் நான் கூப்ட்டா யாரு வருவாங்க?" என்றாள்.

மரவள்ளிக் காட்டு வேலையை விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிற தாய்மார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று பயந்தவர்களை, வீடு வீடாகப் போய்ப் பேசி வரவழைத்தவள் இவள். அத்தனையும் என் பைக்கால் வீணாகப் போகிறது. போனில் சிக்னல்கூட இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போது மேலிருந்து ஒரு பைக் இறங்கி வந்தது. இரண்டு பக்கமும் பலாப்பழ மூட்டை. கை காட்டும் முன்பே நிறுத்தினார். சின்னக்கண்ணு என்று பேர். கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்குப் போகிறாராம்.

"நர்சம்மாவா? இன்னாம்மா இங்க குந்திக்கினு இருக்கீங்க?"

நான் நட்டு இருந்த இடத்தைக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். நேராகப் பின்சக்கரத்துப் பக்கம் போய்விட்டார்.

அங்கே என் கண்டுபிடிப்பு இருந்தது. பால்காரர்கள் கேன் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி ஓர் இரும்புச் சட்டம். தடுப்பூசிப் பெட்டி வைப்பதற்காக நானே அளவு சொல்லி, சங்கராபுரத்தில் வெல்டிங் வைத்தது. மாட்டுவதற்கு வேறு ஓட்டை கிடைக்காமல் சைலன்சரின் பின்பக்க போல்ட்டிலேயே மாட்டியிருந்தேன்.

"சார், வண்டி பள்ளத்துல உழும்போதெல்லாம் இந்த வெயிட்டு சைலன்சர இழுத்துக்கினே இருக்குது. பின்னாடி இழுத்தா முன்னாடி நட்டு எப்பிடி நிக்கும்? நீங்க ஜாஸ்தி முறுக்கி இன்னா பிரயோஜனம்?"

மூன்று மாதமாக நான் முறைத்துக்கொண்டிருந்தது தப்பான முனையை! ஏதோ ஒன்று திரும்பத் திரும்பக் கழன்றால், நாம் கழன்ற இடத்தோடுதான் சண்டை போடுகிறோம். இழுக்கிறது வேறெங்கோ இருக்கிறது. பல நேரம் அதை மாட்டிவிட்டதே நாமாக இருப்போம்...

தன் வண்டியிலிருந்த ஸ்பேனரை எடுத்து, சட்டத்தைக் கழற்றி ஓரமாகப் போட்டார். சூட்டோடு முறுக்கினால், நட்டு மாட்டும் ஸ்டட் கம்பி ஒடிந்துவிடும் என்று, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். சரி, காணாமல் போன நட்டுக்கு எங்கே போவது?

அவர் தன்னுடைய பைக்கின் முன்னால் குந்தினார். அதில் ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நட்டு. கீழ் நட்டு கழலாமல் மேல் நட்டு காவல். அந்தக் காவல் நட்டில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

பைப்பை நேராக உட்காரவைத்தார். முன் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பின் போல்ட்டைக் கடைசியாக. நான் எப்போதும் பின்னாலிருந்துதான் தொடங்குவேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

"உங்களுது கழண்டுடுச்சுன்னா?" என்று கேட்டேன்.

"கழண்டா பலாப்பழம் காத்துக்கினு இருக்கும் சார். இன்னும் கொஞ்சம் பழுக்கும், அவ்ளோதான். அங்க கொழந்தைங்க இல்ல காத்துக்கினு இருக்குது... கெளம்புங்க."

எஸ்தர் எழுந்து கைகூப்பினாள். அவர் கூச்சப்பட்டு, அவசரமாக வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். நான் நன்றி என்று ஒரு சொல் சொன்னேன். அது போதவில்லை, இதோ, இத்தனை சொல் எழுதியும் போதவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கன்வாடி வாசலில் தாய்மார்கள் இருந்தார்கள். ஒருத்திகூடத் திரும்பிப் போகவில்லை.

"நேரமாவுதுன்னு எழுந்தோம்மா. அப்பறம், நர்சம்மா வரேன்னா வந்துடும்னு திரும்பக் குந்திட்டோம்" என்றாள் ஒருத்தி. எஸ்தர் பெட்டியைத் திறந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

முதல் ஊசி. முதல் அழுகை. குழந்தை வீறிட்டு அழுததைக் கேட்டு "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று சொன்னவன், அன்றைக்கு அந்த மலையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!