குடை வைத்த கேக்

பேக்கரி முதலாளியம்மா போனில் சுருக்கமாகத்தான் பேசினார். "ஃப்ரீசர் ரிப்பேருங்க. எல்லாத்தையும் வெளிய எடுக்கணும். உங்க தங்கச்சி உங்களுக்குன்னு செஞ்ச கேக் ஒண்ணு உள்ள இருக்கு. வர்றீங்களா?"

குடைக்காரர் தைத்துக்கொண்டிருந்த குடையை ஊசியோடு மடித்து வைத்தார். தங்கை போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவள் கைபட்ட பொருள் ஒன்று வெட்டப்படாமல் எங்கோ இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பேருந்து நிறுத்தத்து மூலையில் உட்கார்ந்து குடை ரிப்பேர் பார்ப்பவர் அவர். குடையைக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்பவர்களிடம் கூலியைச் சொல்வதற்கு முன் தங்கையைப் பற்றிச் சொல்லிவிடுவார். "அந்தப் பேக்கரில உள்ளுக்குள்ள படம் வர்ற கேக் செய்யறாங்களே, என் தங்கச்சிதான்."

பேக்கரியில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும்.

"ஏ ஸ்கேல், வீட்டுல சாப்பாட்டையும் அளந்துதான் போடுவியா?" என்பார் அடுப்பு மாஸ்டர்.

"உங்க வாயைத்தான் அளக்கணும் மாஸ்டர். இந்த ஸ்கேல் பத்தாது."

அவள் கேக்கை வெளியே பார்த்தால் வெறும் வெள்ளைக் கிரீம். கத்தி வைத்தால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு மீன் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு நட்சத்திரம். முதலில் கலர் கேக்கைத் தட்டையாகச் சுட்டு, அச்சால் ஒரே மாதிரி மீன்களாக வெட்டி, கல் மாதிரி உறைய வைப்பாள். பிறகு அவற்றை இன்னொரு டின்னில் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் நிற்க வைத்து, சுற்றிலும் வெள்ளைக் கலவையை ஊற்றி மறுபடி சுடுவாள். அந்த வரிசைக்குக் குறுக்கே வெட்டினால்தான் மீன் தெரியும். வரிசையோடு நீளவாக்கில் வெட்டினால் வெறும் பட்டைதான். ஒருமுறை கேக் வாங்கிப் போன ஒரு அம்மா போனில் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார்.

"மீனும் வரல, மண்ணும் வரல! வெறும் கோடு!"

"மீனை முதுகோட கிழிச்சிருக்கீங்கம்மா," என்றாள் ஸ்கேல்.

அன்றிலிருந்து எந்தப் பெட்டி போனாலும் மூடியில் சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டு, 'இப்படி வெட்டவும்' என்று எழுதிவிடுவாள்.

அண்ணனுக்கு ஒரு ஆசை இருந்தது. "எல்லாம் வருது. குடை வராதாம்மா?"

"கைப்பிடி ஒல்லி அண்ணா. நிக்க வைக்கும்போதே ஒடிஞ்சுடும்."

"ஒடிஞ்சா என்கிட்ட கொண்டா. ரிப்பேர் பண்ணித் தரேன்."

"உன் ரிப்பேர் எனக்குத் தெரியாதா? கேக்குல கம்பி குத்தி வெப்பே."

போன மாதம் ஒரு நாள் அவள், "வியாழக்கிழமை உனக்கு அறுபது முடியுது. கடை போடாதே. நானே வந்து வெட்டித் தரேன்," என்றாள். அதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மதியம், வேலை மேஜை முன்னால் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம்.

குடைக்காரர் பேக்கரிக்குப் போனபோது ஃப்ரீசர் கதவு திறந்து கிடந்தது. மேஜையில் ஒரு பெட்டி. மூடியில் அவளுடைய குண்டுக் கையெழுத்து: 'அண்ணாவுக்கு. யாரும் தொடக் கூடாது. மாஸ்டர், முக்கியமா நீங்க.'

"நான் தொடலைங்க அண்ணா," என்றார் மாஸ்டர்.

"இதை இப்படியே வெச்சுக்க முடியாதா?" என்று கேட்டார் குடைக்காரர்.

"பக்கத்துக் கடைலகூடக் கேட்டுப் பார்த்தேங்க. இடமில்லை," என்றார் முதலாளியம்மா. "இப்பவே இளக ஆரம்பிச்சிடுச்சு."

குடைக்காரர் வீட்டு ஃப்ரிட்ஜில் தண்ணீர்கூட ஒழுங்காக உறையாது. வெட்டத்தான் வேண்டும்.

மூடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அம்புக்குறி இல்லை. எதற்குப் போடப் போகிறாள்? அவளே வந்து வெட்டுவதாகத்தானே இருந்தது.

கேக் சதுரம். நீளம் எது, குறுக்கு எது என்று தெரியவில்லை. அவளுடைய ஸ்கேலை வாங்கி அளந்தார். இந்தப் பக்கம் ஏழு அங்குலம். அந்தப் பக்கமும் ஏழு அங்குலம், ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"அன்னிக்கு என்னை வெளிய போகச் சொல்லிட்டாண்ணா. எல்லாம் தனியாத்தான் பண்ணா."

கத்தியை எடுத்தார். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பார்த்திருக்கலாம். அந்த யோசனை அப்போது வரவில்லை. தொழில் பழக்கம், எதையும் நடுவை அளந்து பிரிக்கும் கை. மூன்றரை அங்குலத்தில் ஸ்கேலை வைத்து நேராக இறக்கினார்.

உள்ளே படம் இல்லை. மேலே ஒரு நீலப் பட்டை, அதன் கீழே மெல்லிய பழுப்புப் பட்டை. அவ்வளவுதான்.

"முதுகோட கிழிச்சுட்டேன்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து, இந்த முறை குறுக்கே வெட்டினார். ஒரு பாதியில் நீலத் துணியின் ஒரு பக்கம். மற்ற பாதியில் மறுபக்கம். இரண்டையும் ஒட்டிப் பிடித்தபோது குடை வந்தது. கைப்பிடி ஒடியவில்லை. கீழே கொக்கிகூட முழுசாக வளைந்து வந்திருந்தது. அத்தனை ஒல்லியான கைப்பிடியை அவள் நிறுத்திக் காட்டியிருந்தாள். அவருடைய கத்திதான் அதை வெட்டியிருந்தது.

"குடை சாஞ்சிருக்கே," என்றார் மாஸ்டர் மெதுவாக. "சூட்டுல நகர்ந்திருக்குமோ?"

குடைக்காரர் அடுத்த துண்டையும் அதற்கடுத்ததையும் வெட்டிச் சேர்த்துப் பார்த்தார். எல்லாக் குடைகளும் ஒரே பக்கமாக, ஒரே அளவு சாய்ந்திருந்தன. ஸ்கேல் அப்படித் தவறு செய்கிறவள் இல்லை.

அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருவருக்கும் ஒரே குடை. அதை அவள் பக்கம் சாய்த்துத்தான் அவர் பிடிப்பார். "நீ நனையறியா அண்ணா?" என்று தினமும் கேட்பாள். "இல்லையே" என்று தினமும் சொல்வார். நம்பிவிட்டாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

"கிரீம் வெச்சு ஒட்டித் தரட்டுமாண்ணா?" என்றார் மாஸ்டர்.

"வேணாம். எல்லாரும் முதல்ல ஒரு தடவை பார்த்துடுங்க. அப்புறம் சாப்பிடலாம்."

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அத்தனை நேரமும் அவர் இரண்டு துண்டுகளையும் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"விடுங்கண்ணா. ஐஸ் இளகித் தண்ணி வடியுது, நனையறீங்க," என்றார் மாஸ்டர்.

"இல்லையே," என்றார் குடைக்காரர்.